கைடு வச்சு வனக்குளியல் நடை: போறது வொர்த்தா, இல்ல நாமளே நடந்துக்கலாமா?

தூக்கம்தொலைச்சவ:
வணக்கம் மக்களே. எங்க ஆபீஸ்ல வெல்னெஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, வருஷா வருஷம் யோகா, ஸும்பான்னு எதையாவது இழுத்துட்டு வருவாங்க, இந்த தடவை கைடு வச்சு வனக்குளியல் நடைன்னு நோட்டீஸ் விட்டிருக்காங்க, குளிக்கறது இல்ல, காட்டுல மெதுவா நடந்து பார்த்து கேட்டு ரசிக்கறதாம். மூணு மணி நேரமாம், ஆனா நடக்கறது ஒரு கிலோமீட்டர் கூட வராதாம். அது நடையா நிக்கறதான்னே புரியல. நோட்டீஸ்ல கீழ ஒரு லிஸ்ட் வேற, பிபி குறையும், தூக்கம் வரும், நோய் எதிர்ப்பு சக்தி 50 சதவீதம் ஏறும், கேன்சர் வராம தடுக்கும்னு. தூக்கம்னு பார்த்ததும் சபலம் தட்டுச்சு, கேன்சர்னு பார்த்ததும் சந்தேகம் வந்துடுச்சு. போயிட்டு வந்தவங்க இருந்தா சொல்லுங்க, அந்த கைடு அங்க என்னதான் பண்ணுவாரு? எனக்கு கண்ணை மூடி உக்காந்தாலே மறுநாள் மீட்டிங் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சுடும், என்னை மாதிரி ஆளுக்கு இது செட் ஆகுமா?

கடுகு:
மரம் இருக்கற இடத்துக்கு போறதுக்கு காசு, அங்க போய் மெதுவா நடன்னு சொல்ல ஒருத்தருக்கு காசு. அடுத்தது மூச்சு விட சொல்லித்தர ஒருத்தர் வருவாரு, ஓ அவரு ஏற்கெனவே வந்துட்டாருல்ல. சகோதரி, காசை மிச்சம் பிடிங்க, பக்கத்துல எங்க மரம் நிறைய இருக்கோ அங்க போய் போனை ஆஃப் பண்ணிட்டு தனியா நடங்க. முடிஞ்சுது மேட்டர்.

நடைவண்டி:
கடுகு அண்ணே ரெண்டே வரியில தீர்ப்பு எழுதிட்டீங்க. நான் கைடு இல்ல, ஆனா இந்த மாதிரி நடைகளுக்கு அடிக்கடி போற ஆளு, வேற வேற கைடுங்களோட போயிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்கும்னு மட்டும் சொல்றேன்.

இதுல இப்ப ரெண்டு மூணு பாணி இருக்கு. அதிகமா பாக்கறது ஏமஸ் கிளிஃபர்ட்னு ஒரு அமெரிக்கர் 2012ல ஆரம்பிச்ச வழிகாட்டிகள் சங்கத்தோட பாணி. முதல்ல எல்லாரையும் வட்டமா நிக்க வச்சு இடத்தை பத்தி சொல்லுவாங்க, எங்க வழுக்கும், எந்த செடியை தொடக்கூடாதுன்னு. அப்புறம் ஒரே இடத்துல நின்னு ஒவ்வொரு புலனா திறக்க சொல்லுவாங்க, காத்து எந்த கன்னத்துல படுது, ரொம்ப தூரத்துல கேக்கற சத்தம் எது, இப்படி. அதுக்கப்புறம் அசையறது எது எதுன்னு மட்டும் பார்த்துட்டே நடக்கணும், ரொம்ப ரொம்ப மெதுவா. இடையில சின்ன சின்னதா அழைப்புகள் குடுப்பாங்க, ஒரு மரத்துக்கிட்ட கொஞ்ச நேரம் இருங்க, ஓடைக்கிட்ட போய் கையை நனைங்க, அவ்வளவுதான். கட்டளை கிடையாது, பிடிக்கலன்னா விட்டுடலாம். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் திரும்ப வட்டம், ஒரு கல்லோ குச்சியோ கை மாறும், அது யார் கையில இருக்கோ அவங்க பேசலாம், பேசாம அடுத்தவங்க கிட்ட தள்ளியும் விடலாம். கடைசி பக்கம் ஒரு இருபது நிமிஷம் தனியா ஓரிடத்துல சும்மா உக்காரணும். எல்லாம் முடிஞ்சு ஒரு வாய் மூலிகை டீ.

இப்ப அண்ணன் கேக்கற கேள்விக்கு வரேன், இதை நாமளே பண்ணிக்க முடியாதா? முடியும், ஆனா பண்ண மாட்டோம். தனியா போனா நாம ஒரு இடத்துக்கு போய் சேரத்தான் நடப்போம், அந்த வளைவு வரைக்கும், அந்த மேடு வரைக்கும்னு கால் தானா வேகம் எடுக்கும். கைடு முன்னாடி ஆமை வேகத்துல போறப்ப அவரை தாண்டி போக கூச்சமா இருக்கும் பாருங்க, அந்த கூச்சத்துக்குத்தான் காசு குடுக்கறோம்னு வச்சுக்கோங்க. அதோட நேரம், வழி, பாதுகாப்பு எல்லாத்தையும் இன்னொருத்தர் தலையில போட்டுட்டு மூணு மணி நேரம் பொறுப்பில்லாம இருக்கறது பெரியவங்களுக்கு லேசுல கிடைக்கற விஷயம் இல்ல.

மீட்டிங் ஓடுமேன்னு கேட்டீங்கல்ல, ஓடட்டும். கண்ணை மூடி மூச்சை பிடிக்கறதை விட இது சுலபம், ஏன்னா கவனத்தை வைக்க வெளியில ஆயிரம் சமாச்சாரம் இருக்கு. மனசு மீட்டிங்குக்கு போனா ஒரு எறும்பு திரும்ப இழுத்துட்டு வந்துடும்.

கடுகு:
கூச்சத்துக்கு காசா, இது நல்லா இருக்கே. சரி சரி, நேர்மையா சொன்னீங்க, அதுக்காக ஒரு பாயிண்ட் குடுக்கறேன். ஆனா அந்த கேன்சர் வரிக்கு யார் பதில் சொல்லுவா?

ஆய்வுப்புழு:
நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வனக்குளியலுக்கு பேர் வச்சது டாக்டர் யாரும் இல்ல. 1982ல ஜப்பான் வனத்துறையோட தலைவரா இருந்த தொமோஹிதே அகியாமா ஷின்ரின் யோகு, அதாவது வனக்குளியல்னு அறிமுகப்படுத்தினாரு, நகானோ மாகாணத்துல அகசாவான்னு, ஹினோகிங்கற ஜப்பான் சைப்ரஸ் மரங்கள் நிறைஞ்ச ஒரு பழைய காடு, அங்கதான் தொடக்கம். பேர் முதல்ல வந்துச்சு, ஆராய்ச்சி பின்னாடிதான் வந்துச்சு, 1990 வாக்குல யாகுஷிமா தீவுல யோஷிஃபுமி மியாசாகி பண்ணினதை முதல் முயற்சின்னு சொல்லுவாங்க. அதனால காலங்காலமா வந்த ஞானம்னு யாராவது அளந்து விட்டா நம்பாதீங்க, நாப்பது சொச்சம் வருஷ சரக்கு இது.

அந்த 50 சதவீதம் எங்கிருந்து வருதுன்னா, நிப்பான் மெடிக்கல் ஸ்கூல்ல இருக்கற சிங் லீ 2005ல பண்ணின ஆய்வுலருந்து. டோக்கியோவுல வேலை பாக்கற ஆம்பளைங்க 12 பேரை மூணு நாள் காட்டுக்கு கூட்டிட்டு போய் ரத்தத்துல என்கே செல்னு சொல்ற ஒரு வகை வெள்ளையணுவோட செயல்பாட்டை அளந்தாங்க, சுமாரா 50 சதவீதம் கூடியிருந்துச்சு. அப்புறம் நகரத்துக்கு டூர் கூட்டிட்டு போய் பார்த்தாங்க, அதுல ஏறல. நர்ஸுங்க 13 பேரை வச்சும் பண்ணினாங்க, காட்டுல ஏறுச்சு. ஏறினது ஒரு வாரத்துக்கு மேலயும் நின்னுச்சுன்னு ரிப்போர்ட். மரங்கள் காத்துல விடற பைட்டான்சைடு, அதாவது ஆல்ஃபா பைனீன், லிமோனீன் மாதிரி வாசனை பொருட்கள்தான் காரணமா இருக்கும்னு ஹினோகி எண்ணெயை ஓட்டல் ரூம்ல ஆவியா விட்டு கூட பரிசோதிச்சாங்க, அதுலயும் கொஞ்சம் ஏறுச்சு.

கேக்க பிரமாதமா இருக்குல்ல? இப்ப நம்பரை பாருங்க. 12 பேர், 13 பேர். மூணு நாள் லீவு, மூணு நாள் வேலை தொல்லை இல்ல. காட்டுக்கு வந்திருக்கோம்னு ஒவ்வொருத்தருக்கும் தெரியும், மருந்து ஆராய்ச்சியில டம்மி மாத்திரை குடுக்கற மாதிரி டம்மி காட்டை குடுக்க முடியாது. ரத்த டெஸ்ட்ல ஒரு நம்பர் ஏறினா கேன்சர் வராதுன்னு அர்த்தம் இல்லவே இல்ல, அதை காட்டின ஆய்வுன்னு எதையும் நான் பார்க்கல. அந்த 50 சதவீதத்தை நோய் எதிர்ப்பு சக்தின்னு மொத்தமா எழுதறது அப்பட்டமான திரிப்பு. அதுவும் மூணு நாள் பயணத்துல வந்த கணக்கை மூணு மணி நேர நடைக்கு எழுதியிருக்காங்க பாருங்க, அதான் எனக்கு பத்திக்கிட்டு வருது.

கொஞ்சம் திடமான பக்கமும் இருக்கு. ஜப்பான்ல 24 காடுகள்ல 280 பேரை வச்சு ஒரு வேலை பண்ணினாங்க, 2010ல வந்துச்சு. பாதி பேர் காடு, பாதி பேர் நகரம், மறுநாள் இடம் மாத்திக்கணும். காட்டுல எச்சில்ல இருக்கற கார்ட்டிசால்ங்கற மன அழுத்த ஹார்மோன், நாடித்துடிப்பு, பிபி எல்லாம் நகரத்தை விட குறைவா இருந்துச்சு. சும்மா உக்காந்து பார்த்ததும், நடந்ததும் தலா கால் மணி நேரம் போலத்தான். ஆனா எல்லாரும் காலேஜ் பசங்க, ஆம்பளை பசங்க. பிபி வித்தியாசமும் சின்னதுதான், மாத்திரையை நிறுத்தற அளவு கிடையாது, தயவு செஞ்சு யாரும் நிறுத்தாதீங்க. 2019ல கார்ட்டிசால் ஆய்வுகளை எல்லாம் தொகுத்து பார்த்தவங்க குறையறது உண்மைதான், ஆனா போறதுக்கு முன்னாடியே இருக்கற எதிர்பார்ப்புக்கும் அதுல பங்கு இருக்கலாம்னு எழுதினாங்க.

தூக்கம்தொலைச்சவ, உங்களுக்கு பொருந்தற ஆய்வு வேற ஒண்ணு. 2015ல ஸ்டான்ஃபோர்ட்ல 38 பேரை வச்சு பண்ணினது. பாதி பேர் புல்லும் மரமும் இருக்கற இடத்துல 90 நிமிஷம் நடந்தாங்க, மீதி பேர் வண்டி ஓடற மெயின் ரோடு ஓரமா நடந்தாங்க. மரத்தடியில நடந்தவங்களுக்கு நடந்ததையே திரும்ப திரும்ப நினைச்சு குமையற குணம் கொஞ்சம் குறைஞ்சுது, மூளை ஸ்கேன்லயும் அது சம்பந்தப்பட்ட இடத்துல வேகம் தணிஞ்சிருந்துச்சு. கண்ணை மூடினா மீட்டிங் ஓடுதுன்னு சொல்றீங்களே, அது இந்த ஜாதிதான். இதையும் கவனிங்க, அந்த ஆய்வுல கைடு கிடையாது.

கடுகு:
கடைசி வரிக்கு ஒரு சல்யூட்.

பைனாகுலர்பாபு:
எனக்கு வேற ஒரு கடுப்பு இருக்கு. நான் பறவை பாக்கற ஆளு. ஒரு நடைக்கு நண்பர் இழுத்துட்டு போனாரு. மேல ஒரு மரங்கொத்தி தட்டிட்டு இருந்துச்சு, பக்கத்துல இருந்த பொண்ணு அது என்ன சத்தம்னு கேட்டாங்க, நான் வாயை திறந்தேன், கைடு உடனே பேரெல்லாம் வேண்டாம் சும்மா கேளுங்கன்னுட்டாரு. ஏங்க, பேர் தெரிஞ்சா ரசனை போயிடுமா? பேர் தெரியாதவனுக்கு எல்லாமே பச்சையா ஏதோ, மேல ஏதோ சத்தம். பேர் தெரிஞ்சவன்தான் அது இன்னிக்கு ஏன் இங்க இருக்கு, நேத்து வரைக்கும் இருந்த ஜோடி எங்கன்னு யோசிப்பான். இயற்கையோட தொடர்பு தொடர்புன்னு பேசறாங்க, அங்க வாழறவங்க பேரே தெரியாம என்ன தொடர்பு? லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆளுங்க 2022ல போன் ஆப் வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, பறவையை பார்த்தாலோ கேட்டாலோ மனநிலை நல்லா இருக்கறது எட்டு மணி நேரம் வரைக்கும் தெரிஞ்சுதாம், டிப்ரெஷன் இருக்கறவங்களுக்கும். அதுல யாரும் பேர் சொல்லாதேன்னு சொல்லல.

நடைவண்டி:
பாபு ஜி, அந்த கைடு சொன்ன விதம் தப்பு, பட்டுன்னு வாயடைக்கறது அவங்க பயிற்சியிலயே கிடையாது. ஆனா அதுக்கு பின்னாடி இருக்கற காரணத்தை சொல்றேன். பேர் வந்ததும் பாதி பேர் கேக்கறதை நிறுத்திடுவாங்க, ஓ மரங்கொத்தியா, சரி அடுத்தது என்னன்னு போயிடுவாங்க. உங்களுக்கு பேர் ஒரு கதவு, அவங்களுக்கு அதுவே தாழ்ப்பாள். அதோட பத்து பேர் நிக்கற இடத்துல ஒருத்தர் விஷயம் தெரிஞ்சவரா பேச ஆரம்பிச்சா மீதி ஒம்பது பேரும் மாணவர்களா மாறிடுவாங்க, அங்க இருக்கறவங்க முகத்தை நீங்களே கவனிச்சிருப்பீங்க. நல்ல கைடு என்ன பண்ணுவாருன்னா வட்டத்துல உங்க கைக்கு கல்லு வர்றப்ப அதை சொல்ல விடுவாரு.

பைனாகுலர்பாபு:
கல்லு வர்றதுக்குள்ள மரங்கொத்தி பறந்துடும் சார். நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டும் வேற வேற நடைன்னு முன்னாடியே சொல்லிட்டா நான் ஏன் போறேன்.

ஒத்தையடிப்பாதை:
இவ்வளவு பேர் பேசியாச்சு, ஒரு விஷயத்தை யாரும் தொடல. கடுகு சொன்ன "போய் தனியா நடங்க"ங்கறது ஆம்பளைங்களுக்கு சுலபம். காட்டுல தனியா ஒரு பொண்ணு கண்ணை மூடிட்டு இருபது நிமிஷம் உக்கார முடியுமா? பின்னாடி சருகு சத்தம் கேட்டா எனக்கு அமைதி வராது, வேர்த்துதான் கொட்டும். எனக்கு குரூப்பும் கைடும் வேணும்கறதுக்கு ஒரே காரணம் இதுதான், பைட்டான்சைடு கிட்டான்சைடு எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, மனசுல பெரிய அடி வாங்கினவங்களுக்கு கண்ணை மூடி அமைதியா நில்லுங்கன்னு சொல்றதே சில சமயம் பழசை கிளறி விட்டுடும். நான் போன ஒரு இடத்துல கைடு, கண்ணை மூடணும்னு இல்ல, தரையில ஒரு புள்ளியை பார்த்தாலும் போதும், எப்ப வேணும்னாலும் விலகி நிக்கலாம்னு ஆரம்பத்துலயே சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியத்துலயே அவங்க மேல நம்பிக்கை வந்துடுச்சு. கைடு டாக்டரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல, அது அவங்களுக்கே தெரிஞ்சிருந்தா பாதி பிரச்சனை தீர்ந்தது.

கடுகு:
இதை நான் யோசிக்கல, நீங்க சொல்றது சரிதான். தனியா போங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன், தெரிஞ்சவங்களோட போங்கன்னு மாத்தி வாசிச்சுக்கோங்க. கைடு இன்னும் வேண்டாம்!

தும்மல்திலகம்:
எல்லாரும் மரம் நல்லது மரம் நல்லதுன்னு சொல்றீங்க, மகரந்த அலர்ஜி இருக்கறவன் கிட்ட கேளுங்க. ஷின்ரின் யோகு பிறந்த ஜப்பான்லயே பத்துல நாலு பேர் மகரந்தத்தால தும்மிட்டு இருக்காங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மரத்தேவைக்காக சுகிங்கற ஜப்பான் சீடர் மரத்தையும் ஹினோகியையும் மலை மலையா நட்டு தள்ளினாங்க, வசந்தம் வந்தா அந்த மகரந்தம் ஊர் பூரா. அதே ஹினோகிதான் ஆய்வுல என்கே செல்லை ஏத்தற ஹினோகி. நான் போனா பூக்காத பருவம் பார்த்து, மாத்திரை போட்டுட்டுதான் போவேன். ஆஸ்துமா இருக்கறவங்க இன்ஹேலரை வண்டியில விட்டுட்டு போகாதீங்க.

தூக்கம்தொலைச்சவ:
அப்பாடி, இவ்வளவு வரும்னு நினைக்கல. ஆய்வுப்புழு, அந்த போஸ்ட்டை அப்படியே கமிட்டிக்கு காட்டலாமான்னு யோசிக்கறேன். இன்னும் ஒரு டவுட், எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட ஒரு ஆள் வரலாம்னு போட்டிருக்காங்க, அவங்களை கூட்டிட்டு போலாமா? அப்புறம் அந்த டீ பத்தி சொன்னீங்களே, காட்டுல பறிச்ச இலையிலயா போடுவாங்க?

நடைவண்டி:
அம்மாவை தாராளமா கூட்டிட்டு போங்க, இந்த நடை அவங்களுக்குத்தான் பொருந்தும், நம்மளை மாதிரி அவசரக்காரங்களுக்குத்தான் கஷ்டம். ஆனா பாதை சமதளமா, உக்கார இடம் இருக்கா, நடுவுல திரும்பி வர வழி இருக்கான்னு கேளுங்க. மடக்கு ஸ்டூல் ஒண்ணு எடுத்துக்கோங்க, தரையில உக்காந்து எந்திரிக்கறதுதான் முழங்காலுக்கு எமன்.

டீ விஷயத்துல கண்டிப்பா கேளுங்க. சில கைடுங்க அந்த இடத்துல கிடைக்கற ஊசியிலையோ மூலிகையோ பறிச்சு போடுவாங்க. செடியை சரியா அடையாளம் தெரிஞ்சவரா இருந்தா பரவாயில்ல, ஆனா ஒரே மாதிரி இருக்கற செடியில ஒண்ணு மருந்தா இருக்கும் ஒண்ணு விஷமா இருக்கும். பாதுகாக்கப்பட்ட காடா இருந்தா இலை பறிக்கறதே குத்தமா இருக்கலாம். கர்ப்பமா இருக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க குடிக்காம தள்ளி வச்சுடலாம், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

கைடு கிட்ட கேக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. எங்க பயிற்சி எடுத்தாரு, வார இறுதி ஆன்லைன் கோர்ஸா இல்ல மாசக்கணக்குல களத்துல பழகினாரா (கிளிஃபர்ட் சங்கத்துல ஆறு மாசம் பயிற்சி நடை நடத்தணும், காட்டுல முதலுதவி சர்டிபிகேட்டும் வேணும்), எத்தனை பேரை கூட்டிட்டு போறாரு, மழையோ இடியோ வந்தா என்ன பண்ணுவாரு. பத்து பன்னெண்டு பேருக்கு மேல போனா நான் போக மாட்டேன், அது அப்புறம் ஸ்கூல் டூர்.

வேர்முடிச்சு:
ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்யறவன், இதுக்காக லாகின் பண்ணினேன். காட்டு பக்கத்தையும் யோசிங்க மக்களே. ஒரே எடத்துல வாரா வாரம் குரூப் குரூப்பா வந்து பாதையை விட்டு இறங்கி ஆளுக்கு ஒரு மரத்தடியில உக்காந்தா என்ன ஆகும்? மண்ணு இறுகும், தண்ணி உள்ள இறங்காது, நாத்துங்க நசுங்கும், தரையில கூடு கட்டற பறவை ஓடிப்போகும். அமைதியா வந்தாலும் காலுக்கு எடை இருக்குல்ல. இடத்தை மாத்தி மாத்தி போற கைடா, குஞ்சு பொரிக்கற காலத்துல சில பகுதிக்கு போகாம இருக்கறவரான்னும் கேளுங்க. நம்ம பிபி குறையறதுக்காக காட்டுக்கு பிபி ஏத்த வேண்டாம்.

ஆய்வுப்புழு:
வேர்முடிச்சு சொன்னதுக்கு மேல ஒண்ணு சேர்த்துக்கறேன். எப்பவும் அடர்ந்த காட்டுக்கே போகணும்னு இல்ல. 2019ல இங்கிலாந்துல சுமார் 20,000 பேர் குடுத்த தகவலை வச்சு பார்த்தப்ப, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிஷமாவது இயற்கை இருக்கற இடத்துல கழிச்சவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு அதிகமா சொன்னாங்க, பூங்காவும் அதுல சேர்த்தி, ஒரே மூச்சுல போனாலும் பிச்சு பிச்சு போனாலும் வித்தியாசம் தெரியல. நல்லா இருக்கறவங்கதான் வெளிய போறாங்களோங்கற கேள்வியை அந்த ஆய்வால தீர்க்க முடியாது, அது வேற. 1984ல ரோஜர் உல்ரிச் எழுதினது இன்னும் சுவாரஸ்யம், பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்கு போனாங்க, கடுமையான வலி மாத்திரையும் கம்மியா கேட்டாங்க, 23 ஜோடிதான். அங்க பைட்டான்சைடும் இல்ல கைடும் இல்ல, கண்ணாடிக்கு வெளிய மரம் மட்டும்.

அதனால என் கருத்து, வாசனை மூலக்கூறை விட கவனம் எங்க போகுதுங்கறதுலதான் பெரிய பங்கு இருக்கும். ரேச்சல் காப்லன், ஸ்டீஃபன் காப்லன்னு தம்பதி 1989லயே சொன்னதுதான், இழுத்து பிடிச்சு வைக்கற கவனம் களைச்சு போகும், இலை அசையறது மேகம் போறது மாதிரி தானா இழுக்கற விஷயத்துல அது இளைப்பாறும்னு. மூணு மணி நேர நடை அதை பழகிக்க ஒரு தொடக்கமா இருக்கலாம். அதுக்கப்புறமும் மாசா மாசம் கைடுக்கு காசு குடுக்கணும்னு எனக்கு தோணல, நடைவண்டி கோச்சுக்காதீங்க.

நடைவண்டி:
கோச்சுக்கல, எனக்கு தனியா போனா வேகம் எடுத்துடுது, அதான் திரும்ப திரும்ப போறேன். அவங்கவங்க வியாதி அவங்கவங்களுக்கு.

தூக்கம்தொலைச்சவ:
அப்டேட். கமிட்டிக்கு மெயில் போட்டேன், அவங்க அதை கைடுக்கே அனுப்பிட்டாங்க போல. அந்த கைடே எனக்கு போன் பண்ணினாங்க, பொம்பளைதான். அந்த கேன்சர் வரியையும் 50 சதவீதத்தையும் அவங்க எழுதலையாம், கமிட்டியில யாரோ நெட்ல பார்த்து சேர்த்திருக்காங்க, எடுக்க சொல்லிட்டேன்னாங்க, இன்னிக்கு வந்த புது நோட்டீஸ்ல ரெண்டும் இல்ல. டீ வெளியில வாங்கின இலையிலதான் போடுவாங்களாம், அந்த இடத்துல எதையும் பறிக்க மாட்டாங்களாம். ஒம்பது பேர்தான். பறவை பேர் சொல்லலாமான்னு பாபு சாருக்காக கேட்டேன், சிரிச்சுட்டு உக்கார்ற நேரம் முடிஞ்சப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சொல்ல சொல்லுங்கன்னாங்க. எனக்கும் அம்மாவுக்கும் பேர் குடுத்துட்டேன். தூக்கம் வந்தா வரட்டும்.

கடுகு:
கேன்சரை எடுத்துட்டாங்களா, அப்ப எனக்கு சண்டை போட ஒண்ணும் மிச்சம் இல்லையே. போயிட்டு வந்து ஒரு கிலோமீட்டர் தேறுச்சான்னு மட்டும் எழுதுங்க.

வேர்முடிச்சு:
முழுக்கை சட்டை, பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, வெளிர் நிறமா இருந்தா உண்ணி ஏறினா கண்ணுல படும். வீட்டுக்கு வந்ததும் முட்டிக்கு பின்னாடி, அக்குள், காதுக்கு பின்னாடி பாருங்க, அம்மாவுக்கும் பார்த்துடுங்க. ஒட்டியிருந்தா எண்ணெய் ஊத்தாதீங்க, நெருப்பு வைக்காதீங்க, கூர்மையான இடுக்கியால தோலை ஒட்டி பிடிச்சு நேரா மேல இழுங்க. அடுத்த சில வாரத்துல காய்ச்சலோ, கடிச்ச இடத்துல பரவற சிவப்போ வந்தா டாக்டர் கிட்ட காட்டுக்கு போனதை சொல்லுங்க.